வெட்டியும் எஞ்சுபவை

படத்தின் ஒரு பகுதியை வெட்டிவிட்டால் அது ஒழிந்தது என்றே நாம் கொள்கிறோம். கத்தரிக்கோல் தந்த நம்பிக்கை அது. கணனி அவ்வாறு செய்யாமலும் விடலாம் என்பது 2023 மார்ச்சில் வெளிப்பட்டது.

திரையைப் படமாகப் பிடிக்கவும் வெட்டவும் விண்டோஸ் 11 இல் உள்ள கருவி ‘ஸ்னிப்பிங் ரூல்’. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மீதே சேமித்தபோது, அது புதிய சிறிய படத்தை முன்னால் எழுதிவிட்டுக் கோப்பின் நீளத்தைக் குறைக்காது விட்டது. பழைய படத்தின் எச்சம் வாலெனத் தொங்கிற்று. அறிந்தோர் அதில் ஒரு பகுதியையேனும் மீட்க முடிந்தது. கூகிள் பிக்சல் தொலைபேசியின் ‘மார்க்கப்’ கருவியிலும் இதே குறை. இரு நிறுவனங்களும் திருத்தம் வெளியிட்டன. முன்னரே அனுப்பப்பட்ட படங்களை அத்திருத்தம் எட்டுமா?

பயன்படுத்துவோர் விழிப்பாயிருக்க வேண்டுமென உபதேசிப்போர் உளர். வங்கி அட்டை எண்ணை வெட்டியவர் விழிப்பாயிருந்தபடியாலன்றோ வெட்டினார்! எழுதியவரிடம் வஞ்சகம் இல்லை என்பதும் மெய்யே. ஆயினும் ‘வெட்டு’ என்று பொத்தானிற் பொறித்தவர் வாக்களித்தவராவார். போட்டோஷொப்பும் வெட்டிய பகுதியை வைத்திருக்கக்கூடும். ஆனால் அழிப்பதா, வைப்பதா என்னும் தெரிவை நம் கண்முன் வைக்கிறது. ஸ்னிப்பிங் ரூலோ எதையும் சொல்லவில்லை. அதன் நிரலோ மூடப்பட்டது; அட்டை எண்ணை வெட்டியவர் அதனைத் திறந்து பார்த்திருக்கவும் வழியில்லை.