கண்ணுக்கு எட்டாதவன் பொருளும் பிறர் பொருளே



நமது பெர்ன்ஹில் சரிவில் ஒரு சிறு வீட்டை மனதில் கற்பித்துக் கொள்ளுங்கள். அவ்வீட்டுத் தாய் விடியற்காலையில் எழுந்து, மூடுபனி விலகுமுன் அடுப்பேற்றி, கொதிநீரின் மேல் பாத்திரம் வைத்துச் சாக்லேட்டை உருக்குகிறாள். முந்திரியும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து அச்சில் ஊற்றி, ஆறியதும் ஒவ்வொன்றாக மினுக்குத்தாளில் சுற்றுகிறாள். கல்லூரியில் படிக்கும் மகள் படம் பிடித்துக் கைபேசி வழியாக உலகத்துக்கு அறிவிக்கிறாள். சென்னையிலிருந்து ஒருவர் பிறந்தநாள் விருந்துக்கென்று 2,400 ரூபாய்க்குச் சாமான் கேட்கிறார். கிரெடிட் கார்டு மூலம் பணமும் வந்துவிடுகிறது. தந்தை பொட்டலத்தை ஊட்டிக்கு எடுத்துப் போய்க் கூரியரில் சேர்க்கிறார். அது மேட்டுப்பாளையம் மலைப்பாதை வழியே இறங்கி, மூன்றாம் நாள் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் காவலாளி கையில் கொடுக்கப்படுகிறது.

ஆறு வாரம் கழித்து ஒரு செய்தி வருகிறது. பொருள் வந்து சேரவேயில்லை என்று வாங்கினவர் தம் வங்கியில் முறையிட்டிருக்கிறாராம். 2,400 ரூபாயும் பிடித்துக்கொள்ளப்பட்டது; அதன்மேல் கட்டணம் வேறு. பொருள் சேர்ந்ததற்கு அத்தாட்சி அனுப்பும்படி கேட்கிறார்கள். கையெழுத்து வாங்காமல் காவலாளியிடம் விட்டுப்போன பொட்டலத்துக்கு அத்தாட்சி ஏது? சாக்லேட்டோ விருந்தன்றே தீர்ந்துபோயிற்று.

வீடு கற்பனை வீடுதான். ஆனால் கைத்தொழில் செய்து இணையத்தில் விற்கும் எளிய குடும்பங்கள் இன்று அஞ்சுகிற ஆபத்து இதுவே. சென்னைக்காரர் செய்த காரியத்துக்குப் பெயர் என்ன? சாமர்த்தியமா, களவா? சற்றுப் பொறுமையாக ஆராய்ந்து பார்ப்போம்.

பழைய முறையும் புதிய முறையும்

முகம் அறியாத இருவர் கொடுக்கல் வாங்கல் செய்வது நமக்குப் புதிதல்ல. 1877-ம் ஆண்டிலேயே இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. தபால்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொட்டலத்தைக் கொடுப்பார். அந்தப் பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். நம் தாத்தாமார் புத்தகமும் மருந்தும் அப்படித்தான் வரவழைத்தார்கள். அதிலும் வம்புக்காரர் இருந்தார்கள். கடிதம் எழுதி வரவழைத்துவிட்டு, பொட்டலம் வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பிவிடுவார்கள். தபால் செலவு விற்றவர் தலையில் விழும். ஆயினும் பொருளாவது திரும்பி வரும்.

இப்போதோ பெரும்பாலும் பணம் முந்திப் போகிறது, பொருள் பிந்தி வருகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு செங்கல்லை அனுப்புகிறவனும் இருக்கிறான்; ஒன்றுமே அனுப்பாதவனும் இருக்கிறான். ஆகையால் வாங்குகிறவனுக்கு ஒரு காப்பு வேண்டியதாயிற்று. 1974-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிரெடிட் கார்டில் பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. நம் தேசத்தில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் குற்றமின்றி, மூன்றாம் ஆள் ஒருவன் கணக்கிலிருந்து பணத்தைத் திருடினால், வங்கி அறிவித்த 3 வேலை நாட்களுக்குள் முறையிடுகிற வாடிக்கையாளர் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று அது கூறியது.

இப்படி வாங்கினவருடைய வங்கி, விற்றவருடைய வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடிக்கும் முறைக்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். விற்றவர் பில், கூரியர் ரசீது, ஒப்புக்கொண்டு எழுதிய செய்திகள் ஆகியவற்றைக் குறித்த கெடுவுக்குள் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் பொருளும் போயிற்று, பணமும் போயிற்று, அனுப்பிய செலவும் போயிற்று. இத்தகைய முறையீடுகள் பெருகினால், பணம் பெற்றுத் தரும் கம்பெனி அந்த வியாபாரியின் கணக்கையே மூடிவிடக்கூடும்.

முறை நல்ல முறைதான். ஏமாந்த ஏழைக்கு அது கேடயம். அதே கேடயத்தை எடுத்து அடுத்தவன் மண்டையில் அடிக்கிறவன் இருக்கிறானே, அவனைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

இரண்டில் தொடங்கி நூற்றுக்கணக்கில்

2017-ம் ஆண்டு டில்லியில் நடந்தது இது. இருபத்தொரு வயது வாலிபன் ஒருவன் அமேசான் கம்பெனியிடம் விலையுயர்ந்த கைபேசிகளை வரவழைத்து, பெட்டி காலியாக இருந்தது என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற்றான் என்று போலீசார் கைது செய்தார்கள். முதலில் இரண்டு கைபேசிகளில் சோதித்துப் பார்த்தானாம். பலித்தது. பிறகு வேறு வேறு பெயரிலும் எண்ணிலும் கேட்டு, சில மாதங்களுக்குள் 166 கைபேசிகள் வரை போயிற்று என்றும், தொகை சுமார் 50 லட்ச ரூபாய் என்றும் போலீசார் கூறினார்கள்.

இந்தச் செய்தியில் நம்மை உலுக்க வேண்டியது 166 என்ற எண் அன்று. இரண்டு என்ற எண்தான். 166-ஐக் கேட்டு நாம் வாயைப் பிளக்கிறோம். ஆனால் முதல் இரண்டைப் போன்றவை எத்தனை கண்ணியமான வீடுகளில் நடக்கின்றன! ஒரு முறை உடுத்தி விருந்துக்குப் போய்வந்த புடவையை அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும், வந்த பொருளை வரவில்லை என்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். போலீசார் வரமாட்டார்கள். அயல்வீட்டாரும் அறியமாட்டார்கள். மனச்சாட்சி ஒன்றே சாட்சி.

சொல்லும் சாக்குகள்

முதற்சாக்கு: "பெரிய கம்பெனி, கோடீசுவரன். அவனுக்கு 2,000 ரூபாய் ஒரு பொருட்டா?"

ஒருவன் செல்வந்தன் என்பதால் அவன் பொருள் நம் பொருளாகிவிடாது. பெரிய தோட்டத்தில் ஒரு கூடை கொழுந்து குறைந்தால் துரைக்குத் தெரியாது. ஆகையால் எடுக்கலாம் என்று நம் தோட்டத் தொழிலாளர் யாராவது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பாரா? மேலும், அந்த நஷ்டம் கோடீசுவரன் வீட்டு வாசலில் நிற்பதும் அரிது. பெரிய கம்பெனியின் பந்தலுக்குள்ளே கடை போட்டிருப்பவர்கள் நம் பெர்ன்ஹில் தாயைப் போன்ற சிறியவர்களே. பலபேர் செய்யும் பொய் முறையீட்டினால் கட்டணம் உயருகிறது, விதிகள் இறுகுகின்றன. உண்மையாகவே ஏமாந்த ஏழை முறையிடும்போது, "இவனும் பொய்யனோ?" என்று சந்தேகிக்கிறார்கள். பொய் முறையீடு செய்கிறவன் இருவரிடம் திருடுகிறான்: விற்றவனிடம் பொருளையும், ஏமாந்தவனிடம் நம்பிக்கையையும்.

இரண்டாம் சாக்கு: "நான் பறித்தேனா? கேட்டேன், வங்கி கொடுத்தது. சட்டப்படி வந்த பணம்."

வங்கி உன் வார்த்தையை நம்பிக் கொடுத்தது. வார்த்தை பொய்யானால் வந்த பணம் எப்படி மெய்யாகும்? வங்கி அதிகாரி உன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை, அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தீர்ப்புச் சொன்னவர் அறியாமையால் தப்பித்தவன் நிரபராதியாகிவிடான்.

மூன்றாம் சாக்கு: "அவன் மட்டும் யோக்கியனா? சொன்ன தரம் இல்லையே."

இதில் சில வேளை நியாயம் உண்டு. குறையிருந்தால் குறையைச் சொல்; படம் பிடித்து அனுப்பு; மாற்றுப் பொருளோ பணமோ கேள்; மறுத்தால் வங்கியில் உள்ளதை உள்ளபடி முறையிடு. அது உன் உரிமை. பத்தில் ஒன்று உடைந்திருந்ததற்காகப் பத்துமே வரவில்லை என்று எழுதுவது உரிமையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் விற்பனையில் நடக்கும் வஞ்சகத்தை ஆராய்ந்து, ஈடு செய்யும் கடமை விற்கிறவனுக்கு மட்டுமல்ல, வாங்குகிறவனுக்கும் உண்டென்று போதித்தார். பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவன் அறியாமல் விற்கும்போது, அறிந்தே செம்பு விலைக்கு வாங்குகிறவன் அநியாயக்காரன் என்பது அவர் காட்டிய உதாரணம். விற்கிறவனுடைய அறியாமையும் பலவீனமும் நமக்கு லாபமாகக் கூடாது.

ஒரு தந்தையின் சங்கடம்

இன்னொரு சந்தர்ப்பம் குடும்பங்களில் மெய்யாகவே நேரிடுகிறது. மாதக் கணக்கில் தாம் அறியாத ஒரு தொகையைத் தந்தை காண்கிறார். பதறிப்போய், இது நான் செய்ததன்று என்று வங்கிக்கு எழுதுகிறார். அதில் பாவமில்லை, அவர் அறிந்த உண்மை அதுவே. பிறகு ஒருநாள், மகன்தான் அப்பாவின் கைபேசியில் வந்த ஓ.டி.பி. எண்ணைப் பார்த்துச் சாமான் வரவழைத்தான் என்று தெரியவருகிறது. பொருள் கட்டிலடியில் இருக்கிறது. இதற்குள் வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்போது என்ன செய்வது? "வந்தது வந்தது, இனி இப்படிச் செய்யாதே" என்று மகனை அதட்டிவிட்டுச் சும்மா இருக்கலாமா?

இருக்கக் கூடாது. உண்மை தெரிந்த நிமிஷம் முதல் அந்தப் பணம் பிறர் பணம். வங்கிக்கு மறுபடி எழுதி முறையீட்டை வாபஸ் வாங்க வேண்டும். காலம் கடந்திருந்தால் விற்றவருக்கு நேராகவே தொகையை அனுப்ப வேண்டும். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதுகிற தந்தை, ஏழாம் கற்பனையைப் பற்றி நூறு பிரசங்கம் செய்தவருக்குச் சமம்.

துக்கம் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும்

களவுக்கு மற்றப் பாவங்களுக்கில்லாத ஒரு விசேஷ சுமை உண்டு. மனஸ்தாபப்பட்டாலும் பாவசங்கீர்த்தனம் செய்தாலும், எடுத்த பொருள் நம் வீட்டில் இருக்குமட்டும் காரியம் முடியவில்லை. எரிக்கோ நகரத்துச் சக்கேயு என்ன செய்தான்? அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, வஞ்சித்து வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். நாமோ ஒரு மடங்கு கொடுக்கவே ஆயிரம் யோசனை செய்கிறோம்.

வெட்கமாயிருக்கிறதே என்கிறீர்களா? ஊரறியச் செய்ய வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை. பணம் உரியவருக்குச் சேர்ந்தால் போதும். உரியவர் யாரென்று எவ்வளவு தேடியும் தெரியாவிட்டால், அத்தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். வைத்துக்கொள்ள மட்டும் கூடாது. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பழைய காலத்தில் திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடி அலைய வேண்டும். இன்று விற்றவரின் பெயரும் எண்ணும் நம் கைபேசியிலேயே இருக்கின்றன. வஞ்சிக்க எத்தனை நொடி ஆயிற்றோ அத்தனை நொடியில் ஈடும் செய்யலாம்.

விற்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

புறாவைப் போல் கபடற்றிருப்பதோடு விவேகமும் வேண்டும். பணம் அனுப்பிவிட்டேன் என்று ஒருவர் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பொட்டலத்தைக் கட்டுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை ஒருபோதும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தினால் பணம் உங்களிடமிருந்து போகும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் தருகிறேன், இந்தக் கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஏமாற்றுகிற வஞ்சகர்கள் உண்டு. வெலிங்டன் சிப்பாய்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சீருடையின் மேல் மரியாதை அதிகம். அந்த மரியாதையையே அவர்கள் தூண்டிலாக்குகிறார்கள். தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டு அனுப்பும் வசதி மோசடிக்குப் பயன்பட்டபடியால், 2025 அக்டோபர் முதல் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் வஞ்சகன் வேறு வாசல் தேடுவான்.

விலையுயர்ந்த பொட்டலத்துக்குக் கையெழுத்து வாங்கும்படி கூரியரில் சொல்லுங்கள். கட்டுமுன் படம் பிடித்து வையுங்கள். ரசீதுகளைச் சில மாதமாவது பத்திரப்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு.

இன்னொன்று. முறையிடுகிற எவனையும் திருடன் என்று எண்ணிவிடாதீர்கள். எடை குறைந்திருக்கலாம், வெயிலில் சாக்லேட் உருகியிருக்கலாம், பொட்டலம் மெய்யாகவே வழியில் தொலைந்திருக்கலாம். அவர் வங்கிக்குப் போகுமுன் நீங்கள் நியாயம் செய்துவிட்டால், வழக்குக்கே இடமில்லை. நியாயம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டிய பாதை.

முடிவாக, வாசகரே, அந்தக் கற்பனை வீட்டுக்குத் திரும்பிப் போவோம். மாலையாகிவிட்டது, மலை ரயில் ஊட்டிக்குப் போகும் சத்தம் கேட்கிறது. தாய் கணக்குப் புத்தகத்தில் 2,400-ஐ அடித்துவிட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி யோசிக்கிறாள். சென்னைக்காரர் கெட்ட மனிதர் அல்ல. பக்கத்து வீட்டு மேசையிலிருந்து 2,400 ரூபாயை எடுக்க அவர் கனவிலும் துணியமாட்டார். அந்தத் தாயின் முகத்தை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இன்றிரவு உங்கள் கைபேசியில் பழைய கணக்குகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அங்கே ஒரு முகம் தெரிகிறதா? தெரிந்தால், தூங்குமுன் ஒரு சிறு காரியம் பாக்கியிருக்கிறது.