பலித்த ஆசை
2018 மே 9 இரவு. அப்போது நான் கடைசி ஆண்டு மாணவன். வலைப்பதிவு எழுதுபவன் என்ற ஒரே தகுதியில் நிருபர்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு போராங் 14 படம் வந்தது. ஒரே ஒரு சாலுரானின் கணக்கு. "தொகுதி கைமாறிடுச்சு" என்று உடனே பதிவிட்டேன். பக்கத்து நிருபருக்கும் அதே படம் வந்திருந்தது.

"மத்த சாலுரானும் வரட்டும் தம்பி," என்றார்.

விடிவதற்குள், சுதந்திரம் முதல் ஆண்ட தரப்பு வீழ்ந்தது. தொகுதியும் கைமாறியது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

பொறியியல் படித்தவனுக்கு இது உறுத்த வேண்டும். சோதிக்காத பாலம் இடியவில்லை என்பதால் அது சோதித்த பாலமாகிவிடாது. நான் தெரிந்ததை எழுதவில்லை, ஆசைப்பட்டதை எழுதினேன். அது பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த அண்ணனுக்கும் ஆசை இருந்திருக்கும். அதைக் காக்க வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது.