நஞ்சில்லா உணவு யாருக்காக?

ஞாயிறு திருப்பலிக்குப்பின், இயற்கை முறையில் விளைந்த அரிசியின் சிறப்புகளை அன்பர் ஒருவர் கோயில் முற்றத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். விலையைக் கேட்ட தாய் ஒருவர் என்னை நோக்கி, “சாமி, வயல்ல மருந்து அடிக்கிறதே எங்க வீட்டுக்காரருதான். நஞ்சில்லாத சோறு மட்டும் காசுள்ளவங்களுக்கா?” என்றார். அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

இயற்கை உணவை நாடுவோரிடம் காரணம் கேட்டால், ‘உடல்நலத்திற்காக’ என்பார்கள். அதில் தவறில்லை, உடலைப் பேணுவதும் கடமையே. ஆயினும், தன்னைக் காத்துக்கொள்வதை மட்டுமே அறம் எனலாமா? பூச்சிக்கொல்லியின் எச்சம் நம் தட்டை அடையுமுன், அதன் முழு வேகத்தையும் தாங்குபவர், தெளிப்பானை முதுகில் சுமந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் நடக்கும் கூலித் தொழிலாளியே. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. நோயும் ஊனமும் சூழ்ந்தது அங்கு வாழ்ந்த எளிய மக்களையே. 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது.

ஆகவே, ‘நான் என்ன உண்கிறேன்?’ என்பதோடு, ‘என் உணவுக்காகத் துன்புறுபவர் யார்?’ என்றும் நாம் கேட்டாகவேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ திருமடலில், மண்ணின் குரலையும் ஏழையின் குரலையும் பிரிக்கவியலாது என்று கற்பித்ததும் இதனாலேயே.

இயற்கை முறைக்கு மாறும் உழவர், ஓராண்டுப் பயிருக்கு அரசுத் திட்டத்தின் முழுச் சான்றிதழ் பெற, பொதுவாக இரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையலாம்; உரிய விலையும் கிட்டாமல் போகலாம். எனவே, வசதியுள்ளோர் தரும் கூடுதல் விலை தருமம் அன்று. அவர் பொறுமைக்குரிய கூலி. ஆனால் அக்கூலி அவர் கையைச் சேர்கிறதா, கடையின் அலங்காரத்தில் கரைகிறதா என்று விசாரிப்பதும் நம் கடமையே.

வாங்க இயலாதோர்மீது குற்றமில்லை. இயன்றோர் தனித்தனியே கடைக்குச் செல்லாமல், ஓர் அன்பியமாகக் கூடி உழவரிடமே மூட்டையாக வாங்கினால் என்ன? விலை குறையும், அந்தத் தாயின் வீட்டிற்கும் ஒரு பங்கு எட்டும்.

மற்றொன்று. தமிழகத்தில் 2019 சனவரி முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கிற்று. நல்லதே. ஆனால் தேவையற்றவற்றை நிரப்பி வரும் துணிப்பையால் பூமிக்கு என்ன ஆறுதல்? நல்ல பொருளை வாங்குவது அறம். வேண்டாததை வாங்காதிருப்பது அதனினும் பெரிய அறம்.

அன்புக்குரியோரே, அடுத்த வேளை உணவின்முன் கைகூப்பும்போது, அதை விளைவித்தவரின் மூச்சையும் சற்றே எண்ணிப்பாருங்கள். அந்தத் தாய்க்கு நான் சொல்லாத மறுமொழியை நம் அடுக்களைகள் சொல்லட்டும்.