பார்க்கும்போது நான் யார்?

"நீலப்படம் பாக்கும்போது அதுல நீ யாரு?" கல்லூரி நாட்களில் தோழி ஒருத்தி கேட்டாள்.

"ஆம்பளதான். வேற யாரு?"

"அந்த ஆம்பளயோட மூஞ்சிய எப்பவாச்சும் பாத்திருக்கியா?"

யோசித்தேன். இல்லை. என் கண் போனதெல்லாம் பெண்ணின் முகத்துக்குத்தான்.

சினிமா கேமராவின் பார்வை ஆணின் பார்வை, பெண் அதில் பார்க்கப்படும் பொருள் என்று 1975இல் லாரா மல்வி எழுதினார். அவர் பேசியது ஹாலிவுட் படங்களை. நீலப்படத்துக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், 1989இல் வெளிவந்த 'ஹார்ட் கோர்' நூலில் லிண்டா வில்லியம்ஸ் அதைச் சிக்கலாக்கினார். ஆணின் உச்சத்துக்குக் கண்கூடான சாட்சி உண்டு. பெண்ணுக்கு அப்படி இல்லை. அதனால்தான் கேமரா அவள் முகத்தையும் குரலையும் துரத்துகிறது. பேய்ப்படம் பார்க்கும் இளைஞர்கள் கொலைகாரனைவிட, தப்பித்துப் பிழைக்கும் பெண்ணோடுதான் ஒன்றிப்போகிறார்கள் என்று 1992இல் கரோல் குளோவர் வாதிட்டார். ஆக, ஆணாகப் பிறந்தவன் ஆணாகவேதான் பார்ப்பான் என்றில்லை.

படித்தபோது எனக்கு உள்ளூர நிம்மதி. நான் அவளை வெறுமனே பார்க்கவில்லை, கொஞ்சம் அவளாகவும் இருந்திருக்கிறேன்!

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் லிண்டா போர்மன். 1972இல் வந்த 'டீப் த்ரோட்' படத்தின் நாயகி. வில்லியம்ஸின் நூலிலும் அந்தப் படம் விரிவாகப் பேசப்படுகிறது. அப்போதைய கணவர் அடித்து மிரட்டித்தான் நடிக்க வைத்தார் என்று 1980இல் தன் வரலாற்றில் போர்மன் எழுதினார். உடம்பிலிருந்த காயங்கள் படத்திலேயே தெரிகின்றன என்றும் சொன்னார். எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். காயம் யார் கண்ணில் பட்டது?

அப்படியானால் நான் 'ஆன' பெண் யார்? அவளுடைய இன்பமாக நான் நம்பியதோடுதான் ஒன்றினேன், அவளோடு அல்ல. ஒன்றிப்போவதும் பரிவும் ஒன்றல்ல. சில நேரம் முதலாவது இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

எல்லாப் படமும் வற்புறுத்தலில் எடுக்கப்பட்டதல்ல. நடிகையாக இருந்த கேண்டிடா ராயல் 1984இல் சொந்த நிறுவனமே தொடங்கி, பெண்களை மனதில் வைத்துப் படமெடுத்தார். சரிதான். ஆனால் எது எந்த வகை என்று திரையைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்பத்துக்குச் சாட்சி தேடி அலையும் கேமராவால் சம்மதத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது. அது படத்துக்கு வெளியே இருக்கிறது.

தோழிக்கு இப்போது பதில் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்வேன்: "அவளாத்தான் இருந்தேன். ஆனா கேமராவ நிறுத்துனப்புறம் அவளுக்கு என்னாச்சுன்னு ஒரு தடவகூட கேட்டதில்ல."