கேட்டதற்கு மேல்

ஆங்கிலத்தில் அபூர்வமாகவே புழங்கும் ஒரு பெயரடை 'ஸூப்பரெராகட்டரி'. கடமைக்கு மேற்பட்டது என்று அர்த்தம். அதன் பிறப்பு ஒரு சத்திரத்துக் கணக்கில். லூக்கா சுவிசேஷத்தின் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். அந்த மேற்செலவுக்கு லத்தீன் பைபிள் இட்ட வினைச்சொல்லே இதன் மூலம். இலக்கணப்படி அங்கே மேற்செலவு செய்கிறவன் சமாரியன் அல்ல, சத்திரக்காரன். அதுவும் திரும்பக் கிடைக்கப்போகிற பணம்.

கணக்கு இச்சொல்லை விடவில்லை. கிறிஸ்துவின் புண்ணியத்தோடு புனிதர்களுடையதும் சேர்ந்த பொக்கிஷம் திருச்சபை வசம் இருப்பதாக 1343இல் போப் ஆறாம் கிளெமெண்ட் அறிவித்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் 14ஆவது, மனிதனிடம் அப்படி உபரி உண்டென்பதே அகந்தை என்றது.

1958இல் ஜே. ஓ. அர்ம்ஸன் இதைத் தத்துவத்தின் கேள்வியாக்கினார். எறிகுண்டின் மேல் விழுந்து சகாக்களைக் காப்பாற்றும் சிப்பாய் செய்தது கடமையா? அவன் அப்படி நினைத்திருக்கலாம். நாம் சொல்ல முடியாது. சொன்னால் விழாமல் நின்றவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்.

செய்தவன் தன்னைப் பற்றி இச்சொல்லை உச்சரித்த கணமே கடன் கொடுத்தவனாகிவிடுகிறான். பார்த்து நின்றவர்கள் இதை மறந்தாலோ, தியாகத்தை அடுத்தவனிடம் வசூலிக்கத் தொடங்குகிறார்கள். சொல்லின் வேரில் இருக்கும் 'ரொகாரே' என்ற லத்தீன் வினைக்குக் 'கேட்பது' என்று பொருள். பிறனிடம் எதுவரை கேட்கலாம் என்பதற்கு இது ஒரு எல்லைக்கல்.