அழ முடியாத பிள்ளை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சரி, அழ முடியாத பிள்ளை என்ன செய்யும்?

1980களின் நடுப்பகுதி வரை, குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யும்போது, தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். அந்த மருத்துவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது என்று பயந்தார்கள். நரம்பு முதிராத குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எதிராக எதுவும் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? தசையைக் கட்டிய மருந்து அழுகையையும் சேர்த்துத்தானே கட்டியது. சாட்சியின் வாயை அடைத்துவிட்டுச் சாட்சியே இல்லை என்று தீர்ப்புச் சொன்ன கதை.

1987இல், கே.ஜே.எஸ். ஆனந்தும் ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. இதயத்தருகே மூடாமல் இருந்த ரத்தக்குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சை; 16 குறைமாதக் குழந்தைகள். 8 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்ற 8 பேருக்கு வழக்கமானது மட்டும். அந்த 8 பேரின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் அதிகம் ஏறின. பிறகு வந்த சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். வாய் சொல்லாததை ரத்தம் சொல்லிவிட்டது.

என்னை உறுத்துவது வேறு. வலி இருக்கிறது என்றுதான் நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லை என்று நம்பியவர்களிடம் அவ்வளவு காலம் யாரும் ஆதாரம் கேட்கவில்லையே, ஏன்?

இன்று சில மில்லிமீட்டர் துளைகள் வழியாகவே குழந்தையின் நெஞ்சுக்குள் கேமராவை விடுகிறார்கள். தழும்பு சின்னது. ஆனால் உள்ளே இடம் வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்குகிறார்கள். அந்த வாயு ரத்தத்திலும் கலக்கிறது. அசையாமல் இருக்க அதே வகைத் தசைத்தளர்வு மருந்துதான். இதயத்துடிப்பு திடீரென்று ஏறினால், அது வாயுவாலா, ரத்த இழப்பாலா, வலியாலா? திரை எண்ணைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. வலிமருந்தைக் கூட்டினால் ரத்த அழுத்தம் இறங்கலாம், குழந்தை இன்னும் சில நாள் வென்டிலேட்டரில் கிடக்கலாம். இரக்கத்துக்கும் விலை உண்டு.

நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தருகிறோம். அறுவை அரங்கில் அது குழந்தைக்குப் போக வேண்டும் என்பேன். வலி இல்லை என்று உறுதியாகும்வரை, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருந்தை அளக்கட்டும்.