மன்னிப்பு யார் பணத்தில்?

நண்பரிடம் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து இரண்டாயிரம் ரூபாய் எடுத்துவரச் சொல்கிறார் ஒருவர். மறுநாள் கணக்கைப் பார்த்தால் இருபதாயிரம் குறைந்திருக்கிறது. வங்கிக் கிளைக்குப் போனால் ஒரு படிவம் நீட்டப்படும். கார்டு உங்கள் வசம் இருந்ததா, பின் நம்பரை யாரிடமாவது சொன்னீர்களா, யார்மீதாவது சந்தேகம் உண்டா என்பவைதான் பெரும்பாலும் அதில் உள்ள கேள்விகள். உள்ளதை உள்ளபடி எழுதினால் பணம் திரும்ப வராது. நண்பரும் காவல் நிலையப் படியேற நேரிடும். “கார்டு தொலைந்துவிட்டது, எடுத்தவர் யாரென்று தெரியாது” என்று எழுதினால் பணம் வந்தாலும் வரலாம், நட்பும் தப்பும். இந்த இரண்டாவது வழி அறத்துக்கு ஒத்ததா என்றால், இல்லை. நண்பரைக் காப்பாற்றும் ஆசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கான செலவை வங்கியின் தலையில் கட்டும் உரிமை யாருக்கும் கிடையாது.

இதில் விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எதுவரை என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நட்டமே இல்லை. நான்கு முதல் ஏழு நாட்கள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் அதிகபட்சம் ரூ.10,000 வரை ஏற்க வேண்டும். ஆனால் பின் நம்பரைப் பிறரிடம் சொன்னது போன்ற கவனக்குறைவு வாடிக்கையாளருடையதாக இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரையிலான முழு நட்டமும் அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு.

நண்பர் என்ன, கணவரே ஆனாலும் விதியின் கண்ணில் மூன்றாம் மனிதர்தான். 2013-இல் பெங்களூரில் மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பெண், ரூ.25,000 எடுத்துவரக் கணவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தனுப்பினார். இயந்திரம் சீட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. வழக்கு நுகர்வோர் மன்றத்தில் இழுத்தடித்து 2018-இல் அவருக்கு எதிராக முடிந்தது. பின் நம்பரைக் கணவரிடம் சொன்னதே தவறு, காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்றது மன்றம். பச்சிளங்குழந்தையோடு வீட்டில் இருந்தவரிடம் சட்டம் இவ்வளவு கறாராக நின்றிருக்க வேண்டுமா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. ஆனாலும் விதி அதுதான். அது தெரிந்திருப்பதால்தான் பலருக்குப் படிவத்தின் முன்னால் பேனா தயங்குகிறது.

தயங்கும் பேனா எழுதும் பொய் ஒன்றோடு நிற்பதுமில்லை. கார்டு தொலைந்தது என்றால், எடுத்தவருக்குப் பின் நம்பர் எப்படித் தெரிந்தது என்பது அடுத்த கேள்வி. கார்டோடு வந்த உறையின் பின்புறத்தில் நான்கு இலக்கத்தைப் பேனாவால் எழுதி வைத்திருந்தேன் என்று ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கே தொலைத்தீர்கள், எப்போது தெரியவந்தது என்று கேள்விகள் நீளும். இயந்திரத்தின் மேலிருக்கும் கேமராவில் பதிந்த முகத்தை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டால், தினமும் கூடவே டீ குடிக்கும் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று தலையாட்ட வேண்டும். வங்கி காவல்துறைப் புகாரின் சிஎஸ்ஆர் ரசீதையோ எஃப்.ஐ.ஆர். நகலையோ கேட்டால், அதே பொய் ஒரு அரசு ஊழியரின் முன் கையெழுத்தோடு போகிறது. அது தனிக் குற்றம்.

பொய்யின் பெரிய கேடு இதைவிட ஆழமானது. “யாரோ எடுத்துவிட்டார்கள்” என்ற வாக்கியம் ஒரு காலி இடத்தை உண்டாக்குகிறது. அந்த இடத்தில் விசாரிப்பவர் யாரையாவது நிறுத்தியே தீருவார். வீட்டுவேலைக்கு வரும் அம்மா, பார்சல் கொண்டுவந்த பையன், ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி என்று வசதி குறைந்தவர்களாகப் பார்த்துத்தான் சந்தேகம் நகரும். சிலப்பதிகாரம் முழுவதும் இப்படிப்பட்ட ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் தன்னைக் காத்துக்கொள்ள, ஊருக்குப் புதியவனான கோவலனைக் கள்வன் என்றான். ஆராயாமல் அதை நம்பிய பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான்; மதுரை எரிந்தது. காவலாளிக்காக எந்த நகரமும் எரியப்போவதில்லை, வேலை மட்டும் போய்விடும். நண்பருக்காகச் சொல்லும் பொய் முன்பின் தெரியாத ஒருவரின் பிழைப்பில் கை வைக்கலாம் என்பதை எழுதுகிறவர் ஒரு கணம் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இந்த இடத்தில் திருக்குறளையே எதிர்த்தரப்புச் சாட்சியாக அழைப்பவர்கள் உண்டு. வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள், ஒரு தீங்குமில்லாத நன்மை விளையுமிடத்தில் பொய்க்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு வள்ளுவர் போட்டிருக்கும் நிபந்தனை மிகக் கடினமானது. விளையும் நன்மையில் மாசு கூடாது. ஒருவர் தப்புவதற்காக இன்னொருவர் பணம் இழப்பது மாசற்ற நன்மை ஆகுமா? அதற்கடுத்த குறளிலேயே, நெஞ்சறியச் சொல்லும் பொய் விலக்கப்படுகிறது. கள்ளாமை அதிகாரமோ, பிறர் பொருளை ஏமாற்றி எடுக்க நினைப்பதையே தீது என்கிறது. எடுத்த பிறகுதான் குற்றம் என்று காத்திருப்பதில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால், படிவத்தில் பொய் எழுதுகிறவருக்கு வள்ளுவரிடம் அடைக்கலம் இல்லை.

நட்பின் பக்கமும் நியாயம் உண்டு. பழைமை என்றே ஓர் அதிகாரம் வகுத்து, நெருங்கியவர் மனம் நோகச் செய்துவிட்டால் அதை அறியாமையாகவோ அளவுகடந்த உரிமையாகவோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறது குறள். நட்பிற் பிழை பொறுத்தலுக்கு நாலடியாரிலும் தனி அதிகாரம் இருக்கிறது. அவசரத்துக்கு எடுத்திருப்பார், சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார் என்று கருதுவது பெருந்தன்மைதான். ஆனால் பொறுத்தல் என்பது தனக்கு நேர்ந்த இழப்பைத் தானே தாங்குவது. இருபதாயிரத்தையும் தன் நட்டமாக ஏற்று, வங்கியிடம் ஒரு பைசாவும் கேட்காமல் நண்பரை விட்டுவிடுகிறவர் உண்மையில் பொறுத்தவர். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வங்கியிடம் இழப்பீடு வாங்கிக்கொண்டு நண்பரை மன்னிப்பவர், ஊரார் வீட்டு நெய்யில் தன் பெயருக்கு விளக்கேற்றுகிறார். அதே திருக்குறளின் நட்பு அதிகாரம், நண்பர் எல்லை மீறும்போது முந்திச்சென்று கண்டிப்பதற்கே நட்பு என்கிறது. கண்டிக்க வேண்டிய இடத்தில் மூடி மறைப்பவர் அந்தக் கடமையையும் சேர்த்தே கைவிடுகிறார்.

இன்னொரு வகைச் சம்பவம் இதைத் தெளிவாக்கும். ரூ.5,000 வரை பின் நம்பர் இல்லாமல், கார்டை இயந்திரத்தில் தொட்டாலே பணம் போகும் வசதி 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. விடுதி அறையில் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துப் போய் நண்பர் இரண்டு முறை தொட்டுவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்காரர் பின் நம்பரை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாட்களுக்குள் புகார் செய்தால் விதி அவர் பக்கம் நிற்கிறது. இங்கே உண்மை சொல்வதால் பணம் போகாது. ஆனாலும் “சந்தேகம் உண்டா” என்ற கேள்வியின் எதிரே கோடு போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோடும் பொய்தான். பேசாமல் சொன்ன பொய்.

வங்கிகள் கோடிக்கணக்கில் கடனைத் தள்ளிவைக்கின்றனவே, இருபதாயிரம் ஒரு பொருட்டா என்பது டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒலிக்கும் வாதம். பெரிய கடனாளி தப்பியது அநீதி என்றால், அதற்குப் பரிகாரம் சிறிய ஏமாற்றுக்காரராவது அல்ல. தவிர, பொய்ப் புகார்களின் சுமை வங்கித் தலைவரின் மேசைவரை போவதில்லை. அடுத்த மாதம் உண்மையிலேயே பணத்தைப் பறிகொடுத்து வரும் ஓய்வூதியர் ஒருவரிடம், “நீங்களே யாரிடமாவது கொடுத்திருப்பீர்கள்” என்று கவுன்ட்டரில் இருப்பவர் சலித்துக்கொள்வதில்தான் அது போய் முடிகிறது.

அந்தச் சலிப்புக்கு வங்கியும் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால், அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாத, இயந்திரத்தின் பொத்தான்களைக் கண்டு மிரளும் முதியவர் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டைக் கொடுப்பதற்குப் பெயர் கவனக்குறைவு என்றால், கிராமத்தில் கிளையைத் திறக்காமல் இயந்திரத்தை மட்டும் நட்டுவைத்ததற்கு என்ன பெயர்? எனினும் அந்த முதியவருக்கும் உண்மைதான் வலிமை. தன் நிலையைச் சொல்லி வாதாடலாம், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்வரை கட்டணமில்லாமல் போகலாம். பொய்யோடு போனால் முதல் படியிலேயே வழக்கு விழுந்துவிடும்.

நண்பருக்காக மூடி மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அண்மைக் காலத்துச் செய்திகள் காட்டுகின்றன. சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்கு ஆசைப்பட்டு, நண்பர் கேட்டார் என்று கல்லூரி மாணவர்கள் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, கார்டையும் சிம்மையும் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். இணைய மோசடிக் கும்பலின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகிறது. ‘மியூல்’ எனப்படும் இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு ஒரு மென்பொருளையே உருவாக்க வேண்டிவந்தது. கணக்கு முடங்கி, வேறு மாநிலக் காவல்துறை வீட்டு வாசலுக்கு வரும்போது நண்பரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். முதல் சந்தேகம் எழுந்த அன்றே வங்கியிடம் பெயரோடு சொல்லியிருந்தால் சாட்சியாக நிற்க வேண்டிய மாணவர், மௌனத்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். நட்பாராய்தல் அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தாம் இவர்கள்.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கார்டை பிளாக் செய்ய வேண்டும். அதனால் நண்பருக்கு எந்தத் தீங்கும் இல்லை. மேற்கொண்டு தவறு செய்யும் வாய்ப்பிலிருந்து அவரையும் அது காக்கிறது. அவரிடம் பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளினால், அந்த இரண்டு நாளில் போகும் பணமும் கார்டுக்காரர் கணக்கில்தான் சேரும். மோசடி என்று உறுதியானால் 1930 என்ற உதவி எண்ணில் உடனே சொல்லலாம். பிறகு நண்பரை அழைத்து, வங்கியில் எழுதப்போவது இதுதான் என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவது நட்புக்குச் செய்யும் மரியாதை. எழுத்துப் புகாரில் கார்டை யாரிடம் கொடுத்தது, எவ்வளவு எடுக்கச் சொன்னது, எவ்வளவு போனது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் நண்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதையும் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி தற்காலிகமாக வரவு வைத்த தொகை கணக்கில் இருந்தால், அதை எடுத்துக்கொள்ளும்படி அதே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். காவல்துறையில் புகார் பதிவாகியிருந்தாலும் திருட்டு, நம்பிக்கை மோசடி போன்றவற்றில் பொருளை இழந்தவர் சமரசமாகப் போகச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்தச் சமரசத்துக்குச் சம்மதிப்பதா என்பது மட்டுமே கார்டுக்காரர் தன் விருப்பப்படி முடிவு செய்யக்கூடியது.